உமாஜியில் யுஸு பிழியும் காலம்

யுஸு என்ற ஜப்பானிய எலுமிச்சை இனப் பழத்தின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவு வருவது தோக்கியோ, கியோத்தோ உணவகங்களில் சூப்பின்மேல் மிதக்கும் நகக்கீற்று அளவு மஞ்சள் தோல்தான். எனக்கும் அதுவரை அவ்வளவுதான் பழக்கம். ஷிகோகு தீவின் தெற்கே இருக்கும் கோச்சி மாகாணத்துக்குப் போனபோதுதான் அந்தப் பழத்தை முழுதாகச் சமையலில் பார்த்தேன். அங்கே தோலைச் சீவி அலங்கரிப்பதோடு நிறுத்துவதில்லை. சாற்றைப் பிழிந்து பாட்டில் பாட்டிலாக வைத்துக்கொண்டு, நாம் புளியைக் கரைத்து ஊற்றுவதுபோல் தாராளமாக ஊற்றுகிறார்கள். ஜப்பானில் விளையும் யுஸுவில் ஏறத்தாழ பாதி இந்த ஒரு மாகாணத்திலிருந்துதான் வருகிறது.

போக நல்ல காலம் நவம்பர். கோச்சி நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் கோமென் நிலையத்திலிருந்து கிழக்கே போகும் கோமென்–நஹாரி ரயில் பசிபிக் கடலை ஒட்டியே ஓடுகிறது. 2002இல் திறந்த பாதை இது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கார்ட்டூன் பொம்மை உண்டு. அன்பான்மேன் என்ற ஜப்பானியக் குழந்தைகள் கார்ட்டூனைப் படைத்த யனாசே தகாஷி வரைந்தவை. யாசுதாவில் இறங்கி, ஆற்றோடு மலைக்குள் ஏறும் பேருந்தைப் பிடித்தால் உமாஜி கிராமம். பேருந்துகள் மிகக் குறைவு. நேர அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பினால் ஒரு நாளே வீணாகிவிடும்.

உமாஜியில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஊரின் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காடு. முன்பு மரம் வெட்டிப் பிழைத்த ஊர் இது. 1911இலேயே மரத்தை ஏற்றிச் செல்லக் கடற்கரையிலிருந்து ரயில் பாதை வந்தது, 1963இல் அது மூடப்பட்டது. மரத் தொழில் தளர்ந்ததும் மக்கள் கையிலெடுத்தது யுஸுவை. ஆனால் மலைச்சரிவில் விளைந்த பழம் பார்க்க அழகாக இல்லை. தோலெல்லாம் தழும்பு, புள்ளி. பழமாகச் சந்தையில் விலை போகவில்லை. சரி, பிழிந்து விற்போம் என்று விவசாயிகள் கூட்டுறவு முடிவெடுத்தது. சோயாவும் யுஸுச் சாறும் கலந்த பொன்ஸு, அப்புறம் 1988இல் யுஸு, தேன், தண்ணீர் மட்டும் சேர்த்த ஒரு பானம். அந்தப் பானத்தின் பெயரிலேயே ஊரின் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். இன்று ஜப்பான் முழுக்க அந்தச் சின்னப் பாட்டிலைத் தெரியும். ஒரு கிராமத்தை ஒரு புளிப்புப் பழம் தாங்கி நிற்பதை நேரில் பார்க்கும்போது மனசு நிறைந்துபோகிறது.

தோட்டத்தில் முதலில் கண்ணில் படுவது முள். விரல் நீளத்துக்கு, கிளை முழுக்க. கெட்டியான தோல் கையுறை போட்டுத்தான் பறிக்கிறார்கள். கத்தரியால் இரண்டு முறை வெட்டுகிறார்கள்: முதலில் காம்பை நீளமாக விட்டு ஒரு வெட்டு, பிறகு பழத்தை ஒட்டி இன்னொரு வெட்டு. காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் கூடையில் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும்.

நான் தங்கிய விடுதியை நடத்திய அம்மா பழத்தைப் பிழிந்த விதம் எனக்குப் புதிது. பாதியாக வெட்டி, வெட்டிய முகம் மேலே பார்க்கும்படி பிடித்து அழுத்தினார். சாறு பொங்கித் தோலின் வெளிப்புறம் வழியே வழிந்து கிண்ணத்தில் விழுந்தது. வாசனையெல்லாம் தோலில் இருக்கும் எண்ணெயில்தான். வழியும்போது அதையும் சாறு கழுவி எடுத்துக்கொண்டு வருகிறது. விதைகளும் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடுகின்றன. யுஸுவில் விதை ஏராளம் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

அந்தச் சாறு போனது இனாகா ஸுஷிக்கு, அதாவது நாட்டுப்புற ஸுஷிக்கு. ரைஸ் குக்கரோடு வரும் அளவுக் கப்பில் மூன்று கப் அரிசி என்றால், நாலு மேசைக்கரண்டி சாறு, கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. வினிகர் கிடையாது. சாற்றை அடுப்பில் காட்டவே கூடாது, சூடான சோற்றில் ஊற்றி மரக்கரண்டியால் வெட்டுவதுபோல் கிளற வேண்டும். பொடியாக நறுக்கிய இஞ்சியும் வறுத்த எள்ளும் சேரும். மேலே மீனுக்குப் பதில் மலையில் கிடைப்பவை: மூங்கில் குருத்து, ஷீதாகே காளான், மியோகா என்ற இஞ்சி வகைப் பூமொட்டு, கொன்யாக்கு. இந்தக் கொன்யாக்கு நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கிழங்கிலிருந்து செய்வது. சேம்பு இனத்துத் தண்டு ஒன்றையும் சீவி வைக்கிறார்கள். பார்க்கச் சைவம்போல் இருந்தாலும், காய்களை மீன் சாற்றில் வேகவைப்பது உண்டு, சோற்றில் மீன் துருவல் சேர்ப்பதும் உண்டு. சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

வாயில் வைத்ததும் வினிகரின் காரல் இல்லை. புளிப்பு மெதுவாக வந்து, வாசனை மூக்கில் நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் ஸுஷிச் சோற்றுக்கு இதைவிடச் சிறந்த புளிப்பு கிடையாது.

மீன் சாப்பிடுபவர்கள் கோச்சி நகரத்தில் கத்ஸுவோ ததாக்கியையும் விடக்கூடாது. வைக்கோல் நெருப்பில் சூரை மீனின் மேற்புறத்தை மட்டும் வாட்டி, தடிமனாக வெட்டி, பச்சைப் பூண்டுச் சீவலோடு தருவார்கள். இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து திரும்பி வரும் சூரையில் கொழுப்பு அதிகம். யுஸு பழுக்கும் காலமும் அதுதான். அந்தக் கொழுப்பை யுஸு கலந்த பொன்ஸு அப்படி அழகாக வெட்டுகிறது.

சாறு வாங்க ஞாயிற்றுக்கிழமை கோச்சிக் கோட்டை முன் கூடும் தெருச் சந்தைக்குப் போங்கள். 300 வருடங்களுக்கும் மேலாக நடக்கும் சந்தை. 1.8 லிட்டர் பாட்டில்களில் வீட்டுச் சாறு வைத்திருப்பார்கள். கெடாமலிருக்க உப்புச் சேர்த்ததும் உண்டு, சேர்க்காததும் உண்டு. எது என்று கேட்டு வாங்குங்கள். உப்புச் சேர்த்த சாறு என்றால் சோற்றுக்குப் போடும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள். சர்வதேச விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், அதனால் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைக்கச் சின்னப் பாட்டிலாகவே பாருங்கள்.