செத்தவர் சீட் கட்சிக்கு, தாவினவர் சீட் அவருக்கே

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் கிடையாது, அந்த மாநிலத்தின் நாடாளுமன்றமே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடும். போனவர் எந்தக் கட்சியோ அதே கட்சி ஆளைத்தான் அனுப்புவார்கள். 1975 வரைக்கும் இது வெறும் மரபுதான், எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அந்த வருஷம் ஜூன் 30 அன்று குயின்ஸ்லாந்து மாநிலத்தின் லேபர் கட்சி செனட்டர் பெர்ட்டி மில்லினர் இறந்துபோனார். மால் கோல்ஸ்டனை அனுப்புங்கள் என்று லேபர் கேட்டது. மாநிலப் பிரீமியர் (நம்ம ஊர் முதல்வர் மாதிரி) பீல்கே-பீட்டர்சன் முடியாது என்று சொல்லிவிட்டு ஆல்பர்ட் ஃபீல்டைப் பிடித்தார். மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடும் தொழிலாளி, லேபர் கட்சிக்காரர்தான், ஆனால் தன் கட்சிப் பிரதமர் விட்லமைக் கண்டாலே ஆகாது. குசும்பைப் பாருங்கள்!

அதைவிட வேடிக்கை, ஃபீல்டின் ஓட்டே கடைசியில் தேவைப்படவில்லை. மாநிலக் கல்வித்துறை வேலையை முறைப்படி விட்டாரா என்று வழக்கு வந்து, அவர் லீவில் போக வேண்டியதாகிவிட்டது. அப்போது செனட்டில் மொத்தம் 60 இடம், ஓட்டு சமமானால் தீர்மானம் தோற்றுவிடும். மில்லினர் இடத்தில் ஒரு லேபர் ஆள் இருந்திருந்தால் 30-30, எதிர்க்கட்சியால் பட்ஜெட் மசோதாக்களை ஒத்திப்போட்டிருக்கவே முடியாது. நாற்காலி காலி, அதனால் எதிர்க்கட்சிப் பக்கம் 30, அரசுப் பக்கம் 29. அக்டோபரில் ஒத்திப்போட்டார்கள், அதைக் காரணம் காட்டி நவம்பர் 11 அன்று ராணியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் கெர் விட்லமை வீட்டுக்கு அனுப்பினார்.

1977 மே மாதம் பொதுவாக்கெடுப்பு வைத்து அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவைத் திருத்தி, மரபைச் சட்டமாக்கினார்கள். அதிலும் ஓட்டை உண்டு. வேறு கட்சி ஆளை அனுப்பக் கூடாது என்கிறதே தவிர, அனுப்பியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 1987-இல் டாஸ்மேனியா லேபர் சொன்ன ஆளை ஏற்காமல் இடத்தைக் காலியாகவே போட்டு வைத்தது, அடுத்த தேர்தல் வரை.

இன்னொரு ஓட்டை கட்சித் தாவல். அன்று சீட் மறுக்கப்பட்ட அதே கோல்ஸ்டன் 1975 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து செனட்டுக்குப் போனார். அப்புறம் 1996-இல் செனட் துணைத் தலைவர் பதவிக்குக் கட்சி தன்னை நிறுத்தவில்லை என்று லேபரை விட்டு விலகி, எதிரணி ஆதரவோடு அதே பதவியை வாங்கிக்கொண்டார். அந்தப் பதவியை 1997-இல் விட்டாலும், செனட்டில் 1999 வரை உட்கார்ந்திருந்தார். யாரை உட்கார வைக்க லேபர் அவ்வளவு மல்லுக்கட்டியதோ, அவரே!

2024-இல் ஃபாத்திமா பேமன் பாலஸ்தீன விஷயத்தில் லேபரோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தபோதும் சீட் அவரிடமேதான் இருந்தது. கோல்ஸ்டன் கதையைப் படித்தால் எரிச்சல் வருகிறது, பேமன் விஷயத்தில் வரவில்லை, அது என் சாய்வு, சரி. ஆனால் சட்டம் பார்ப்பது தேர்தலில் எந்தக் கட்சி தன் வேட்பாளராக நிறுத்தியது என்பதைத்தான். பேமன் பதவிக்காலம் முடியும் முன்னே ராஜினாமா செய்தால், அந்த இடத்துக்கு வர வேண்டியவர் லேபர்காரர்.