கரியடுப்புக்குக் கொங்குச் செலவு

அமெரிக்காவில் குடியேறும் கொங்கு வீடுகளில் முதல் கோடையிலேயே பார்பிக்யூ அடுப்பு வந்துவிடும். கூடவே ஒரு தவறும் வரும். ஊரிலிருந்து கட்டிவந்த குழம்புத்தூளை அப்படியே கறியில் தடவிவிடுவோம். பல வீட்டுத் தூள்களில் பருப்பும் அரிசியும் சேர்த்து அரைத்திருக்கும். குழம்பைக் கெட்டியாக்கப் போட்ட அவை தணல் பட்டால் கருகிக் கசக்கும். கருகாத இடத்தில் மாவு வாடை நிற்கும்.

தணலுக்கென்று தனிச் செலவு (மசாலாத்தூளைக் கொங்கில் அப்படித்தான் சொல்வோம்) அரைக்க வேண்டும். மல்லி 40 கிராம், வரமிளகாய் 25 கிராம் (பாதி காஷ்மீர் மிளகாய், நிறத்துக்கு), மிளகு 15, சீரகம் 15, சோம்பு 5. மல்லிதான் தலை, மிளகாயை ஏற்றிவிட்டால் கொங்கு ருசி போய்விடும். வாணலியில் வரமிளகாய் வறுத்தால் அப்பார்ட்மென்டில் புகை அலாரம் அலறும். தட்டில் பரப்பி ஓவனில் 250 ஃபாரன்ஹீட்டில் ஐந்து நிமிடம் வையுங்கள், நெடி அடங்கும். நன்றாக ஆறட்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி கோத்து கட்டி கட்டியாகும். ஊர் மிக்ஸி 230 வோல்ட்டுக்கானது, இங்கே 120 தான். காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன கிரைண்டர் போதும், கொரகொரப்பாக நிறுத்துங்கள்.

பிறகு பூண்டுத்தூள் 15, வெங்காயத்தூள் 15, நாட்டுச் சர்க்கரை 20, மஞ்சள்தூள் 5 கிராம் கலக்க வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளே ஆனாலும் அளவு கூடினால் கசப்புத்தான். சர்க்கரைக்கு, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடிச் சர்க்கரை கைவசம் இருந்தால் அதைவிட வேறு வேண்டாம். தேங்காயை மட்டும் இதில் அரைக்காதீர்கள், சிக்கு வாடை வந்து மொத்தமும் வீணாகும்.

இந்த அளவு ஆறு கிலோ கோழிக்கு வரும், கிலோவுக்கு 25 கிராம். உப்பைச் செலவில் கலக்கவே கூடாது. கிலோவுக்கு 10 கிராம் உப்பை முந்தின இரவே கறியில் தடவி மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே இறங்கும், தோலும் உலரும். ஈரத்தோலில் செலவு குழம்பாக வழிந்துவிடும். மறுநாள் கடலை எண்ணெய் லேசாகப் பூசிச் செலவைத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் குளிர்ந்த கறியில் உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, கால் துண்டுகளை மறுபக்கம் வைத்து மூடி 40 நிமிடம் வேகவிட வேண்டும். நேர்த்தணலில் சர்க்கரை கருகும். கடைசி மூன்று நிமிடம் மட்டும் தோலைத் தணல் பக்கம் திருப்புங்கள். எலும்போரச் சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வெந்த கோழியிலும் அது இருக்கும். வெப்பமானிதான் கணக்கு. 165 ஃபாரன்ஹீட் கட்டாயம், கால் கறிக்கு 175 வந்தால் இன்னும் மெத்தென்று இருக்கும். பால்கனியில் கரி மூட்டப் பல குடியிருப்புகளில் தடை உண்டு. முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள்; அனுமதி இல்லையென்றால் பூங்கா அடுப்பு.

வெங்காயத்தூள் எவ்வளவு போட்டாலும் சின்ன வெங்காயம் ஆகாது. ஷாலட் என்று கடையில் கிடைப்பதை வாங்கி, பள்ளிபாளையம் முறையில் கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல்லோடு எண்ணெயில் வதக்கி, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு கோழியை அதில் புரட்டிவிடுங்கள்.