கட்டிலடியில் கிடந்த செருப்பு

மால்டாவில் முதியோர் வார்டில் செவிலியராகச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், அதிகாலை மூன்று மணிக்குக் கழிப்பறைக்குத் தனியே எழுந்து போன பெரியவர் ஒருவர் வெறுங்காலோடு வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகும் எனக்குக் கைநடுக்கம் அடங்கவில்லை. அவருடைய செருப்பு கட்டிலுக்கடியில், சுவரோரமாகத் தள்ளப்பட்டுக் கிடந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு விடுமுறை நாளில், தலைநகர் வாலெட்டாவில், சிலுவைப்போர்க் காலத்துக் கிறிஸ்தவத் துறவறச் சபையான புனித யோவான் சபையின் வீரர்கள் 1574இல் கட்டத் தொடங்கிய சாக்ரா இன்ஃபெர்மேரியா என்னும் மருத்துவமனையைப் பார்க்கப் போனேன். அதன் பெரிய வார்டு 155 மீட்டர் நீளம். ஒரு முனையில் நின்றபோது, இரவில் மறுமுனையிலிருந்து யாராவது முனகினால் இங்கே காதில் விழுமா என்றுதான் முதலில் தோன்றியது. சபை வீரர்கள் இங்கே முறைவைத்து நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டுகளில் உணவு பரிமாறினார்கள். 1798இல் தீவைக் கைப்பற்றிய நெப்போலியனின் படை அந்த வெள்ளியை எடுத்துக்கொண்டது. இதே சபையின் கப்பல்கள்தாம் கடலில் முஸ்லிம்களைச் சிறைபிடித்து, மால்டாவில் அடிமைகளாக வைத்திருந்தன. இதைத் தள்ளிவைத்துவிட்டு அந்தத் தட்டுகளை மட்டும் வியக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆண்டுக்கு ஒரு வல்லூறு காணிக்கை என்ற நிபந்தனையோடு 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இத்தீவை இச்சபையினருக்குக் கொடுத்ததையும், 1565இல் ஒட்டோமான் படையின் முற்றுகையை அவர்கள் தாக்குப்பிடித்ததையும் இங்கே எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய, இச்சபையைத் தொடங்கிய ஜெரார்டின் கதை. எருசலேமில் யாத்திரிகர் மருத்துவமனையை நடத்திய அவர், 1099இல் சிலுவைப்படை, முஸ்லிம்கள் ஆண்ட அந்நகரை முற்றுகையிட்டபோது, மதில்மேலிருந்து கல்லெறிவதுபோல் காட்டிக்கொண்டு, கீழே பசியோடு நின்ற சிலுவைப்படையினருக்கு ரொட்டிகளை வீசினாராம். பிடித்துக்கொண்டுபோய் ஆளுநர்முன் நிறுத்தியபோது மடியிலிருந்த ரொட்டிகள் கல்லாகியிருந்தனவாம். வெறும் கதைதான், ஆனாலும் வாளை விட்டுவிட்டு ரொட்டியைப் பற்றிக்கொண்ட கதை.

இச்சபையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோதுதான், 1182இல் தலைவர் ரோஜர் டி மூலேன் எருசலேம் மருத்துவமனைக்கு வகுத்த விதிகள் கண்ணில் பட்டன. நான்கு மருத்துவர்கள் இருக்க வேண்டும். கட்டில்கள் போதிய நீள அகலத்தோடு இருக்க வேண்டும். அங்கே பிறக்கும் குழந்தை, தாய் புரண்டு படுப்பதால் ஆபத்துக்குள்ளாகாதபடி தனித் தொட்டிலில் கிடக்க வேண்டும். இன்னொரு விதி: நோயாளி ஒவ்வொருவருக்கும், கழிப்பறைக்குப் போய்வர, ஆட்டுத்தோல் மேலங்கியும் காலணியும் கம்பளித் தொப்பியும் கொடுக்க வேண்டும்.

அந்த வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். இரவில் குளிரும் தரையில் கால்வைத்து எழும் நோயாளியை, ஒருமுறையேனும் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் சொல்லித்தான் அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் இரவுப் பணியில் விளக்கைக் குறைப்பதற்கு முன், கட்டில் கட்டிலாகக் குனிந்து, இறங்கும் கால் நேராக நுழையும்படி செருப்புகளைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் என் மேசைக்குத் திரும்புகிறேன்.