வரைதல் மாஸ்டரும் நேவிகெஸ் கோயிலும்

சிறப்பு மலருக்குப் பள்ளிக்கூட நினைவு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு முதலில் வருவது கேத்திரகணித வரைதல் பாடந்தான். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேலிருந்து பார்க்கும் கிடைப்படம் மூன்றும் பிழையில்லாமல் வந்தால் எந்தக் கட்டடத்தையும் தாளில் இறக்கிவிடலாம் என்பார் எங்கள் மாஸ்டர். அவரை ஒருநாள் இங்கே யேர்மனியில் உள்ள நேவிகெஸ் மாதா கோயிலுக்குக் கூட்டிவந்திருக்க வேண்டும். முழுக்கக் கொங்கிறீற். கூரையில் ஒரு சரிவுபோல் இன்னொரு சரிவு இல்லை. அளவுகோலைப் பிடித்தபடி எந்தப் பக்கத்தை முன்தோற்றம் என்றிருப்பாரோ!

கட்டியவர் கொட்பிரீட் போம், 1920இல் பிறந்தவர். தகப்பன் டொமினிக்குஸும் பேர்போன கோயில் கட்டடக் கலைஞர். மகன் மியூனிக்கில் கட்டடக்கலையோடு சிற்பமும் படித்தார். அந்தக் கைப்பழக்கம் கட்டடத்தில் தெரியும். போர் முடிந்து தனியாகச் செய்த முதல் வேலை கொலோனில். குண்டுவீச்சில் புனித கொலும்பா கோயில் இடிந்துபோக, மாதா சுரூபம் தப்பியது. அதற்கென்று இடிபாட்டுக்குள் ஒரு சின்னச் சிற்றாலயம் கட்டினார். பின்னாளில் சுவிஸ் கட்டடக் கலைஞர் பீற்றர் சும்தோர் கட்டிய அருங்காட்சியகம் அதையும் உள்ளே எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. சிற்றாலயத்தின் கண்ணாடி யன்னல்களுக்கு வெயில் வேண்டாமா?

நேவிகெஸ் கோயில் 1968இல் திறக்கப்பட்டது. பார்வை மங்கியிருந்த கொலோன் பேராயர் கர்தினால் பிறிங்ஸ், கோயில் வடிவமைப்புப் போட்டிக்கு வந்த போமின் மாதிரியைக் கையால் தடவிப் பார்த்துத்தான் விரும்பினார் என்பார்கள். யாத்திரிகர் ஏறிவரும் செங்கல் பாவிய பாதை வாசலோடு நிற்காமல் உள்ளே வந்துவிடுகிறது. உள்ளேயும் தெருவிளக்குக் கம்பங்கள். பக்கத்தில் மாடிவீடுகளின் பல்கனிபோல அடுக்குகள். ஊர்ச் சந்திக்குக் கூரை போட்டதுபோல இருக்கும். சிவப்பு ரோஜாக் கண்ணாடி யன்னலும் போமே வரைந்தது. வெயில் ஏறினால் கொங்கிறீற்றிலும் சிவப்புப் படரும்.

ஒரு குறை, கூரை ஒழுகியது. இந்த நாட்டு மழைக்கும் பனிக்கும் வெடிக்காத கொங்கிறீற் ஏது? போம் பேராசிரியராக இருந்த ஆகன் பல்கலைக்கழகத்தாரே கார்பன் வலை பதித்த கலவை ஒன்றை உருவாக்கி மேலே பூசினார்கள். அந்தத் திருத்த வேலையில் மகன் பீற்றரும் இருந்தார். இன்னொரு மகன் பவுல், கொலோன் மத்தியப் பள்ளிவாசலை வரைந்தவர்.

போமுக்கு 1986இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது, யேர்மனியருக்கு அதுதான் முதல் தடவை. 2021இல், 101 வயதில் காலமானார்.

கேவலார் மாதா திருவிழாவுக்கு வருகிற நம்மவர்கள் ஒருநாள் கூடுதலாக நின்றால் இதையும் பார்க்கலாம். எசனுக்கும் வூப்பெர்டாலுக்கும் இடையே ஓடும் எஸ் 9 ரயிலில் நேவிகெஸில் இறங்கினால் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம்.