பொருந்துது, சரி... ஓடுமா?

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஒன்றாக நின்றால், கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "இந்த வண்டிக்கு அந்த வண்டியோட சாமான் சேருமா?" உடனே ஒருவர் சேரும் என்பார், இன்னொருவர் சேரவே சேராது என்பார். இருவருமே போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. கையில் இருக்கும் சாமானைத் துடைத்து, அதில் என்ன பொறித்திருக்கிறது என்று படித்துவிட்டுப் பேசுங்கள் என்பதுதான் என் கட்சி.

என் வண்டி பழைய பியட் 1100. கம்பெனியிலிருந்து வந்தபோது அதில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ இருந்திருக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்யும் ஒரு ஆல்டர்னேட்டரை மாட்டியிருக்கிறார். அது எந்த வண்டியோடது என்று எனக்கு விற்றவருக்கும் தெரியாது, அவருக்கு விற்றவருக்கும் தெரியாது. மேலே ஒட்டியிருந்த தாள் எப்போதோ போய்விட்டது. பிராக்கெட் யாரோ வெல்டு வைத்துச் செய்தது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு நாள் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கீச்சென்று ஒரு சத்தம் கூடவே ஏறியது. பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டால் சத்தம் இல்லை. புல்லியைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுவது விரலிலேயே தெரிந்தது. பேரிங் போய்விட்டது.

எந்த வண்டியின் ஆல்டர்னேட்டர் என்றே தெரியாதபோது எந்தக் கடையில் போய் என்ன கேட்பது? நல்லவேளையாக, கேட்க வேண்டிய தேவையே இல்லை. பிரித்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பேரிங்கின் ஓரத்தைத் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். முன்பக்கம் 6303, பின்பக்கம் 6203. இந்த நான்கு இலக்கத்துக்குள்ளேயே அளவெல்லாம் இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும். 04 முதல் மேலே போனால் அதை ஐந்தால் பெருக்கினால் போதும். 6205 என்றால் 25 மி.மீ. அதற்குக் கீழே மட்டும் மனப்பாடம்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. ஆக என்னுடையது இரண்டுமே 17 மி.மீ. தண்டில் ஏறுபவை. 6203-க்கு வெளிவிட்டம் 40, அகலம் 12. 6303 கொஞ்சம் தடித்தது, 47-க்கு 14. இதே 6203-ஐத் துணி துவைக்கும் மெஷினிலும் பார்க்கலாம்.

எனக்கு உதவிக்கு வந்திருந்த மெக்கானிக் அண்ணன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பர் தேஞ்சு போயிருந்தா என்ன தம்பி பண்ணுவ?"

"வெர்னியர் இருக்குல்லண்ணே. மூணு அளவு எடுத்தா நம்பர் தன்னால வந்துரும்."

"சரி, நம்பருக்கு அப்புறம் இருக்கே, அதையும் படி."

அவர் சொன்னதுதான் முக்கியம். நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் சி3 என்று இருந்தது. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றிருந்தால் தகர மூடி, தூசி கொஞ்சம் உள்ளே வரும். சி3 என்பது பேரிங்கின் உள் இடைவெளி சாதாரணத்தைவிடக் கூடுதல் என்பதற்கான குறி. ஆல்டர்னேட்டர் எஞ்சினைப்போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்றும், சூடும் ஏறும். சூட்டில் உள்வளையம் விரிந்தால் சாதாரண பேரிங்கில் இருக்கும் கொஞ்சநஞ்ச இடைவெளியும் மூடிக்கொள்ளும். சி3 இல்லாத 6203-ம் அளவில் அச்சு அசலாகப் பொருந்தும், அமைதியாகவும் ஓடும். கொஞ்ச நாளில் திரும்பவும் கீச்சென்று கத்தும். அப்போது பேரிங் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத்தான் திட்டுவோம்.

பொருந்துவது வேறு, சரியாக இருப்பது வேறு. எங்கள் கூட்டத்தில் நடக்கும் சண்டையெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

கார் கம்பெனி என்று நாம் சொல்வது பெரும்பாலும் சேர்த்து மாட்டுகிற கம்பெனி. பேரிங், ஆயில் சீல், ரிலே, பல்பு, பிளக் எல்லாம் வேறு யாரோ செய்து பத்துப் பேருக்குக் கொடுப்பவை. பெரிய பெயர்களுக்கே இதில் கூச்சம் கிடையாது. ஜாகுவார் எக்ஸ்ஜே220 என்று 1992-இல் விற்பனைக்கு வந்த வண்டி, அந்தக் காலத்தின் மிக வேகமான கார்களில் ஒன்று. அதன் பின்விளக்கு ரோவர் 200 என்ற சாதாரணக் குடும்பக் காரிலிருந்து எடுத்தது. முதல் தலைமுறை லேண்ட் ரோவர் டிஸ்கவரியின் கதவுக் கைப்பிடி, எழுபதுகளின் மாரிஸ் மரீனாவில் இருந்த அதே கைப்பிடி. அவர்களே அப்படிச் செய்யும்போது நான் எவனோ ஒருவனுடைய ஆல்டர்னேட்டரை மாட்டியிருப்பதில் என்ன குற்றம்?

தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்கும் இதே வழிதான். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் அதன் முகத்திலேயே இருக்கும். 35-50-8 என்று இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும், வண்டியின் பெயரை அல்ல. சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்சான சாதாரண நான்கு கால் ரிலேயிலும் 30, 85, 86, 87 என்ற எண்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்: 85, 86 காயிலுக்கு, 30-இல் கரண்ட் வரும், 87-இல் வெளியே போகும். இவை சுலபம். தலைவலி மரையில்தான்.

பழைய வண்டியில் எந்த போல்ட் எந்த ஊர் மரை என்று கண்ணால் சொல்ல முடியாது. எம்8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1.25. யுஎன்எஃப் என்கிற அங்குல மரையில் 5/16 போல்ட் எடுத்தால் விட்டம் 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை, அதாவது இடைவெளி 1.06-க்குக் கிட்ட. ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ ஏறும். அதற்கப்புறம் இறுகும். "துரு பிடிச்சிருக்கு, இன்னும் கொஞ்சம் போடு" என்று ஸ்பேனரில் பைப்பைச் செருகுவார்கள். அவ்வளவுதான், மரை போயிற்று.

இதில் உச்சம் எம்ஜி என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் பழைய டி வரிசை வண்டிகளின் எக்ஸ்பிஏஜி எஞ்சின். பிரெஞ்சுக்காரர்களின் ஹாட்ச்கிஸ் கம்பெனி முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை போட்டது. 1923-இல் மாரிஸ் கார் கம்பெனியின் முதலாளி வில்லியம் மாரிஸ் அதை வாங்கினார். உள்ளே இருந்த மெஷின்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை, அவற்றை மாற்றப் பெரும் செலவு ஆகும். ஆனால் ஆங்கிலேய மெக்கானிக்கிடம் இருப்பதோ விட்வொர்த் என்கிற பழைய அங்குல அளவு ஸ்பேனர். என்ன செய்தார்கள் தெரியுமா? மரையை மெட்ரிக்காக விட்டுவிட்டு, போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள்! அந்தப் பழக்கம் 1955-இல் எம்ஜி டிஎஃப் நிற்கும்வரை ஓடியது. அந்த எஞ்சினில் எம்8 என்றால் இடைவெளி 1.0 மி.மீ. மேலே சொன்ன யுஎன்எஃப்-க்கும் அதற்கும் வித்தியாசம் 0.06-கூட இல்லை. கையில் எடுத்த ஸ்பேனர் அங்குல அளவில் கச்சிதமாக உட்கார்ந்ததை நம்பி அங்குல போல்ட்டைத் திருகினால், நாலு சுற்று நல்லபடியாக ஏறும். அப்புறம் பிளாக்கில் உள்ள மரை கையோடு வரும்.

அதனால் என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த போல்ட்டும் முழுக்க விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஸ்பேனரை எடுக்க மாட்டேன், மரை கேஜை எடுப்பேன். சீப்பைப் போலப் பல் வெட்டிய சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றாக மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதும். ஒளி கசியாத தகடுதான் விடை.

ஸ்பார்க் பிளக்கிலும் இதே கூத்து. பெரும்பாலான பழைய எஞ்சின்களில் 14 மி.மீ. மரை, இடைவெளி 1.25, எல்லாம் ஒன்றுதான். ஆனால் நீளம் வேறு: சிலவற்றுக்கு 12.7 மி.மீ., சிலவற்றுக்கு 19. என்ஜிகே என்ற பிளக் கம்பெனியின் எண்ணில் பிபி6எச்எஸ் என்றால் குட்டை, பிபி6இஎஸ் என்றால் நெட்டை. குட்டை போட வேண்டிய இடத்தில் நெட்டையைப் போட்டால் ஆறு மி.மீ.க்கு மேல் உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கும். இடிக்காமல் தப்பித்தாலும், நீட்டிய மரையில் கரி கட்டி, கழற்றும்போது ஹெட்டின் மரையையும் இழுத்துக்கொண்டு வரும். இன்னொன்று, பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றும் என்று சொல்லும் சூட்டு எண். என்ஜிகேயில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சியானது; பாஷ் கம்பெனியில் எண் ஏற ஏறச் சூடானது. 'அதே எண்' என்று கம்பெனி மாற்றி வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பிளக்கில் தீப்பொறி வர வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் இக்னிஷன் காயிலை மாற்றிக்கொள்ளும் முன் மல்டிமீட்டரை வையுங்கள். பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டு நிறுத்தும் தொடுமுனை) உள்ள வண்டிக்குச் சுமார் 3 ஓம் காயில் என்றால் நேரடியாக 12 வோல்ட். 4 ஆம்பியர் ஓடும். 1.5 ஓம் காயில் என்றால் கூடவே கரண்டைக் குறைக்க ஒரு பலாஸ்ட் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கிவிடுவதால், அந்த நேரத்துக்கு மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டிப் போகும்படி வயர் கொடுத்திருப்பார்கள். ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் 8 ஆம்பியர். வண்டி பிரமாதமாக ஸ்டார்ட் ஆகும், தீப்பொறி கண்ணைப் பறிக்கும், பாயிண்ட் கருகும்.

சக்கரத்தில் நான் கறார். பழைய பியட் சக்கரங்கள் பெரும்பாலும் 98 மி.மீ. வட்டத்தில் நாலு ஓட்டை. வேறு பல வண்டிகளுக்கு 100. பார்த்தால் வித்தியாசமே தெரியாது, இறுக்கினால் ஏறவும் ஏறும். ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு மி.மீ. தள்ளி நிற்பதால் நட்டு அல்லது போல்ட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டும்தான் உட்காரும். ஓட ஓடத் தளரும், ஸ்டட்டோ போல்ட்டோ ஒடியும். "எத்தனையோ பேர் போட்டு ஓட்டுறாங்க" என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரும் அப்படித்தான். 3/4 அங்குலத்துக்குப் பதில் 7/8 போட்டால் பெடல் கொஞ்சம்தான் இறங்கும். மிதித்துப் பார்த்து "பிரேக் சூப்பரா இருக்கு, கெட்டியா நிக்குது" என்று பாராட்டுவார்கள். பிஸ்டனின் பரப்பு 36 சதவீதம் கூடியிருக்கிறது, ஆகவே அதே அளவு மிதித்தால் கிடைக்கும் பிரஷர் 27 சதவீதம் குறைவு. கெட்டியாக இருக்கிறது, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. பிரேக் ஹோஸ், சீட் பெல்ட், டயர் மூன்றையும் பழசாக யாரிடமும் வாங்குவதில்லை, இனாமாகக் கொடுத்தாலும்.

மற்றபடி எங்களுக்குள் காசு அதிகம் புழங்காது, சாமானுக்குச் சாமான்தான். ஒன்றே ஒன்று கேட்பேன்: கொடுக்கும்போது ஒரு அட்டையைக் கம்பியில் கட்டி, எந்த வண்டியிலிருந்து கழற்றியது, என்ன எண், ஏன் கழற்றினார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையே எடுங்கள்: 'நன்றாக இருந்தது, எலக்ட்ரானிக் போட்டதால் கழற்றினேன்' என்பதும் 'தண்டு ஆடுகிறது' என்பதும் ஒன்றா? தண்டு ஆடினாலும் வாங்கிக்கொள்வேன், உள்ளே வெயிட்டும் ஸ்பிரிங்கும் வேறு ஒன்றுக்கு ஆகும். தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதைக்கு எனக்கு 1100-இன் இடது முன் கதவுக்குக் கண்ணாடி ஏற்றும் ரெகுலேட்டர் வேண்டும். ரோலர் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, கைப்பிடி ஏறும் தண்டின் பல் மட்டும் உருப்படியாக இருக்க வேண்டும். மாற்றாக என்னிடம் வலது கதவின் ரெகுலேட்டர் ஒன்றும், ஒரு டிஸ்ட்ரிபியூட்டரும் இருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மயிரிழை விரிசல் உண்டு. அட்டையில் எழுதிக் கட்டிவிட்டேன்.