புது இதயத்தின் ரத்தக் கணக்கு

பிப்ரவரி 9, திங்கள்

மாற்று இதயத்தை உடல் எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் கையோடு கொண்டு வாருங்கள், விழுங்கிவிட்டு வராதீர்கள். இரவு 8 மணிக்குப் போட்டிருந்தால் காலை 8 மணியையொட்டி எடுக்கும் ரத்தம்தான் கணக்கு. மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் எண் எகிறி நிற்கும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் உடல் புது இதயத்தை எதிர்க்கத் தொடங்கலாம். ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தமாகவே அனுப்ப வேண்டும். இம்மருந்து பெரும்பாலும் சிவப்பணுக்களில்தான் ஒட்டியிருக்கும்.

பிப்ரவரி 11, புதன்

கொடையாளர் இதயத்தின் உயிரணுக்கள் சிதையும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். மொத்தத் துணுக்கில் அவை எத்தனை சதவீதம் என்பதே சோதனை. 2021இல் வந்த அமெரிக்க ஆய்வு 0.25 சதவீதத்தை எல்லையாக வைத்தது. அதற்குக் கீழே இருந்தால் உடல் இதயத்தை எதிர்க்கும் கடும் நிராகரிப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மேலே போனால் இதயத் தசைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியைக் கேட்க வேண்டும். அறுவை நடந்த முதல் சில வாரங்களில் இந்த எண்ணைப் பெரிதாக எடுக்கக்கூடாது, அறுவைக் காயமே அதை ஏற்றிவிடும்.

இந்த எண் கெடுவது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் குழாயில்தான். சாதாரணக் குழாயில் ரத்தம் நாள் முழுக்கக் கிடந்தால் நோயாளியின் சொந்த வெள்ளையணுக்கள் உடைந்து அவர் டிஎன்ஏ பெருகும். அது இரட்டிப்பானால் 0.3 என்பது 0.15 ஆகும், ஆபத்து மறைந்துபோகும்! வெள்ளையணுக்கள் உடையாமல் காக்கும் மருந்து கலந்த குழாய் வேண்டும். மெதுவாகப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம், பனிக்கட்டிப் பெட்டியிலும் வைக்க வேண்டாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

மாற்று இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் நெஞ்சுவலி பெரும்பாலும் வராது. அதனால்தான் இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினும் இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பியும் ரத்தத்தில் பார்ப்பது அவசியம். இரண்டாவது எண் சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும், டாக்ரோலிமஸே சிறுநீரகத்தைத் தளர்த்தும். ஆகவே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் பக்கத்தில் வைத்து, அவரவர் பழைய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

நாளை சீனப் புத்தாண்டு. சந்தையெங்கும் பம்ளிமாஸ். குடலில் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை இப்பழம் முடக்குவதால் ரத்தத்தில் மருந்து குவியும், கைநடுக்கம் வரும், சிறுநீரகம் அடிபடும். புத்தாண்டுக்குக் கூடிநின்று கிளறும் யூஷெங் கலவைத் தட்டிலும் அதன் சுளையை உதிர்த்துப் போடுவார்கள், பச்சை மீனும் இருக்கும். மாற்று இதயம் பெற்றவர் குடும்பத்தோடு கிளறிக் கொண்டாடட்டும், சாப்பிட மட்டும் வேண்டாம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் தாதியிடம் சொல்லி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.