பின்னும் சிக்னலும்: ஒரு பின் கன்ட்ரோலர் டிரைவர் எழுதிய அனுபவம்

லினக்ஸில் ஒரு புது சிப்புக்கு 'பின் கன்ட்ரோலர்' டிரைவர் (சிப்பின் எந்தக் கால், அதாவது எந்தப் பின், என்ன வேலை செய்ய வேண்டும் என்று அமைக்கும் மென்பொருள்) எழுதப் போகிறேன் என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது "பின்கன்ட்ரோல்-சிங்கிள் போதாதா?" என்றுதான். அது லினக்ஸின் மையமான கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் பொது டிரைவர். ஒரு பின்னுக்கு ஒரு ரெஜிஸ்டர் (சிப்புக்குள் அமைப்பை எழுதிவைக்கும் சிறு இடம்), அதில் சில பிட்டுகளை மாற்றினால் பின்னின் வேலை மாறும் என்கிற சிப்களுக்கு அது உண்மையிலேயே போதும். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) விவரத்தைக் கொடுத்துவிட்டால், சி-யில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

எனக்கு வந்த சிப் அந்த ரகம் இல்லை. ஒப்பந்தம் இருப்பதால் பெயர் சொல்ல முடியாது. ஆனால் அதன் அமைப்பு ஸ்டார்ஃபைவின் ஜேஹெச்7100, ஜேஹெச்7110 சிப்களுக்கு ரொம்பவே நெருக்கம். அவற்றின் டிரைவர்கள் கெர்னலிலேயே இருப்பதால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

இந்த வகை சிப்பில் எந்தச் சிக்னலையும் ஏறக்குறைய எந்தப் பின்னுக்கும் கொண்டுபோகலாம். வெளியே போகும் பாதையில் கணக்கு பின்னின் பேரில் இருக்கும்: இந்தப் பின்னில் எந்தச் சிக்னல் போக வேண்டும், அவுட்புட்டைத் திறந்து மூடுவது யார் என்று ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு இடங்களில் எழுத வேண்டும். உள்ளே வரும் பாதையில் கணக்கு சிக்னலின் பேரில் திரும்பிவிடும்: யுவார்ட்டின் (சீரியல் தொடர்புப் பகுதி) ஆர்எக்ஸ், அதாவது உள்ளே வரும் லைன், எந்தப் பின்னிலிருந்து படிக்கப்பட வேண்டும் என்று ஒவ்வொரு சிக்னலுக்கும் தனி ரெஜிஸ்டர். ஆகவே ஐ2சி (இரண்டு ஒயரில் சென்சார் போன்றவற்றோடு பேசும் முறை) டேட்டா மாதிரி இரண்டு பக்கமும் ஓடும் லைனுக்கு மூன்று இடங்களில் எழுதினால்தான் வேலை முடியும்.

கெர்னல் டெவலப்பர் லினஸ் வல்லெய் 2011-இல் கொண்டுவந்த பின்கன்ட்ரோல் கட்டமைப்பு பின், குரூப், ஃபங்ஷன் என்ற மூன்றை வைத்துப் பேசுகிறது. இன்னின்ன பின்கள் சேர்ந்து ஒரு குரூப், இந்தக் குரூப்பில் இந்த ஃபங்ஷன் ஓடும் என்று பல டிரைவர்கள் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருக்கும். எல்லாம் எல்லாவற்றோடும் சேரும் சிப்பில் அந்தப் பட்டியலைப் போட முடியாது. கென்ட்ரைட் கே210 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 48 பின், 256 ஃபங்ஷன், பெருக்கினால் 12,288 சேர்க்கைகள். அதனால் நான் ஜேஹெச்7100 டிரைவரின் வழியையே எடுத்துக்கொண்டேன். குரூப்பும் ஃபங்ஷனும் முதலில் காலியாக இருக்கும். டிவைஸ் ட்ரீ நோடைப் படித்து மேப்பாக (எந்தப் பின்னுக்கு என்ன அமைப்பு என்ற பட்டியல்) மாற்றும் இடத்தில், போர்டுக்காரர் கேட்டதை மட்டும் அப்போதே பதிவு செய்துகொள்ளும். இந்த வழிக்கு வந்ததும் டிரைவர் பாதியாகச் சுருங்கியது.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. யுவார்ட் டிஎக்ஸ் (வெளியே போகும் லைன்), எல்இடி எல்லாம் சரியாக வேலை செய்தன. ஐ2சி-யில் ஒரு வெப்பநிலை சென்சார் இருந்தது. பதில் சொல்லும் சாதனங்களைத் தேடும் ஐ2சி-டிடெக்ட் கருவியை ஓட்டினால் கட்டம் முழுக்க வெறும் கோடுகள், அதாவது யாரும் இல்லை. லைனில் ஓடும் சிக்னலைப் படமாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். ஸ்டார்ட் வருகிறது, முகவரி சரியாகப் போகிறது, ஒன்பதாவது க்ளாக்கில் சென்சார் லைனை அழகாகக் கீழே இழுக்கிறது. அதாவது பதில் வந்துவிட்டது. ஆனால் கன்ட்ரோலர் பிடிவாதமாக "யாரும் இல்லை" என்கிறது. வெளிப்பாதை சரி, உள்பாதையில்தான் கோளாறு என்பது அந்தப் படத்திலேயே தெளிவாகிவிட்டது. ரெஜிஸ்டரைப் படித்தால் மேனுவலில் சொன்ன பின் எண்ணே இருக்கிறது.

ஐ2சி-யை ஓரமாக வைத்துவிட்டு, யுவார்ட் ஆர்எக்ஸை ஒரு பின்னுக்குத் திருப்பிவிட்டு, யூஎஸ்பி-சீரியல் ஒயரை ஹெடரில் (போர்டில் பின்கள் வெளியே வரும் வரிசை) ஒவ்வொரு பின்னாக மாற்றிச் செருகி எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருந்தேன். கேட்ட பின்னில் ஒன்றும் வரவில்லை. அதற்கு இரண்டு எண் முன்னால் இருந்த பின்னில் எழுத்துகள் வந்தன. அந்த ரெஜிஸ்டரில் 0 என்றால் "எப்போதும் லோ", 1 என்றால் "எப்போதும் ஹை". பின்கள் 2-இலிருந்துதான் தொடங்குகின்றன. மேனுவலில் இது எங்கும் இல்லை. ஜேஹெச்7100 டிரைவரைத் திரும்பப் பார்த்தால், அங்கேயும் பின் எண்ணோடு 2-ஐக் கூட்டித்தான் எழுதுகிறார்கள்! ஐ2சி டேட்டா இத்தனை நேரமும் புல்-அப் (லைனை ஹை பக்கம் இழுத்துவைக்கும் ரெசிஸ்டர்) போட்டுச் சும்மா கிடந்த வேறொரு பின்னைப் படித்துக்கொண்டிருந்தது. அது எப்போதும் ஹை, அதனால் கன்ட்ரோலர் கண்ணுக்கு யாருமே பதில் சொல்லவில்லை. இன்புட் பாதை உள்ள எந்த சிப்பை எடுத்தாலும் இந்த ஒயர் சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

விசித்திரம் ஒவ்வொரு சிப்பிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. பழைய ராஸ்பெர்ரி பையின் பிசிஎம்2835-இல் புல்-அப் போட ஒரு ரெஜிஸ்டரில் மதிப்பை எழுதி, 150 சைக்கிள் காத்திருந்து, இன்னொரு ரெஜிஸ்டரில் எந்தப் பின் என்று சொல்லி, திரும்பவும் காத்திருக்க வேண்டும். போட்டதைத் திரும்பப் படிக்கவும் வழியில்லை. சர்வர்களில் இருக்கும் ஆஸ்பீட் சிப்களில் ஒரே பின்னுக்கு முன்னுரிமை வரிசையில் பல சிக்னல்கள். மேலே உள்ளதை அணைத்தால்தான் கீழே உள்ளது வெளியே வரும். இவற்றையெல்லாம் ஒரே கட்டமைப்பு தாங்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் மதிப்பு, பிறகு அவுட்புட்டைத் திறப்பது. மாற்றிச் செய்தால், அந்தப் பின்னில் ஒரு கணம் தவறான சிக்னல் வெளியே போகலாம். நான்கு பின்களின் பிட்டுகள் ஒரே 32-பிட் ரெஜிஸ்டரில் இருந்ததால், படித்து மாற்றி எழுதும் இடமெல்லாம் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எழுத விடும் பூட்டு) தேவைப்பட்டது. பூட்லோடர் (கெர்னலை ஏற்றித் தொடங்கும் மென்பொருள்) அமைத்துவைத்த கன்சோல் பின்களை டிரைவர் தொடங்கும்போது ரீசெட் செய்யாமல் அப்படியே விட்டேன். இல்லையென்றால் பிழைச் செய்தியைப் பார்க்கக்கூட வழி இருக்காது.

சஸ்பெண்டுக்கு (தூக்க நிலை) போனால் இந்த சிப்பில் பின் கன்ட்ரோலருக்கே மின்சாரம் போய்விடுகிறது. அதனால் எல்லா ரெஜிஸ்டர்களையும் சேமித்து, எழும்போது இன்புட், அவுட்புட் மதிப்பு, கடைசியாக அவுட்புட் திறப்பு என்ற வரிசையில் திரும்ப எழுத வேண்டும். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.